சென்னை மேற்குப் புறநகரின் மின்வழங்கல் வரலாறு

சென்னையின் மேற்குப் புறநகர் என்று இக்கட்டுரை குறிப்பிடுவது, இருப்புப்பாதையை ஒட்டிக் கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம் என்று நீளும் பகுதியையும், பெருஞ்சாலையை ஒட்டி மதுரவாயல், திருவேற்காடு, பூந்தமல்லி என்று நீளும் பகுதியையும் ஆகும். அம்பத்தூர் 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு அதன் 7ஆம் மண்டலமாக உள்ளது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. உள்ளாட்சி நிர்வாகத்தில் மூன்றாகப் பிரிந்திருந்தாலும், மின்வழங்கலைப் பொறுத்தவரை மூன்றின் கதையும் ஒன்றோடொன்று பின்னியது.

"கரண்ட் போதவில்லை" என்ற புகார் இப்பகுதியில் இரண்டு மூன்று தலைமுறைகளாகக் கேட்டுவருகிறது. புகார் மாறவில்லை; பற்றாக்குறை இருந்த இடம்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. முதலில் கம்பியே வரவில்லை. பிறகு கம்பி வந்தது, அதில் ஓடுவதற்கு மின்சாரம் போதவில்லை. இன்று மாநில அளவில் மின்சாரம் கிடைக்கிறது, ஆனால் அதைத் தெருவுக்குள் கொண்டுசேர்க்கும் மின்மாற்றியும் கம்பியும் தாங்குவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் தொழிற்சாலைகள் முன்வரிசையிலும் குடியிருப்புகள் பின்வரிசையிலும் நின்றன.

நகர எல்லையில் நின்ற மின்சாரம்

சென்னையில் மின்சார டிராம் 1895இல் ஓடத் தொடங்கியது. வீடுகளுக்கும் தெருவிளக்குகளுக்குமான பொது மின்வழங்கல் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. மதராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் நிறுவனம் பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரித்து மின்சாரம் உற்பத்தி செய்து நகருக்குள் வழங்கியது. அக்காலத்தில் மின்வழங்கல் உரிமம் எல்லை குறித்து அளிக்கப்படும் ஒன்று. நிறுவனத்தின் அக்கறை, காசு கொடுக்கக்கூடிய வாடிக்கையாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த நகரத்தோடு நின்றது.

அப்போது அம்பத்தூரும் கொரட்டூரும் ஏரிப்பாசனக் கிராமங்கள். பூந்தமல்லி பழைய படைமுகாம் ஊர். அரசு மின்துறை 1927இல் தோன்றி, பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும் மேட்டூர் 1937இலும் பாபநாசம் 1944இலும் இயங்கத் தொடங்கின. பைக்காரா மின்சாரம் கோவைப் பஞ்சாலைகளை ஓட்டியது. கொங்கு நாட்டுக் கிணறுகளில் பம்புசெட்டுகளை இயக்கியது. நகர நிறுவனத்தின் எல்லைக்கு வெளியேயும், மலையிலிருந்து வந்த கம்பிகளுக்கு வெகுதொலைவிலும் கிடந்த இந்த மேற்குக் கிராமங்கள் இரண்டுக்கும் நடுவே நின்றன. தலைநகருக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே ஓர் ஊருக்கு எல்லாம் முந்திக் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது சற்று வியப்பாக இருக்கலாம்.

நகர நிறுவனத்தை 1947இல் அரசு ஏற்றுக்கொண்டது. 1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டத்தின்படி 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. அன்று மாநிலம் முழுவதற்குமான நிறுவுதிறன் 256 மெகாவாட். இணைப்புகள் ஏறத்தாழ 4.3 லட்சம். வடசென்னை அனல்மின் நிலையத்தில் இன்றுள்ள 600 மெகாவாட் அலகு ஒன்றின் பாதியைக்கூட அது எட்டாது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் மேற்குப் புறநகர் என்ற ஒன்றே உருவானது.

தொழிற்சாலைகளுக்காக வந்த கம்பி

டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலையை அமைத்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சமதர்மப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தால் நாடு முழுதும் அறியப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அருகே பெரம்பூரில் இரயில்பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இன் இறுதியில் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் உதிரிபாகத் தொழிற்சாலைகள் அறுபதுகளில் வரிசையாக எழுந்தன. ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், கிண்டியைத் தொடர்ந்து 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் லேத் பட்டறை முதல் வார்ப்பாலை வரை நூற்றுக்கணக்கான சிறுதொழில்கள் அங்கே குடியேறின.

இவை அனைத்துக்கும் மோட்டார் ஓடியாக வேண்டும். ஆகவே மின்வாரியம் இப்பகுதிக்கு முதலில் கொண்டுவந்தது வீட்டு விளக்குக்கான கம்பி அல்ல, ஆலைக்கான உயரழுத்தப் பாதை. பெரிய ஆலைகள் உயரழுத்த நுகர்வோராகப் பதிவு செய்துகொண்டு, தங்கள் வளாகத்துக்குள்ளேயே மின்மாற்றி வைத்துக்கொண்டன. அவற்றுக்கு வரும் பாதையில் வீடுகளின் சுமை பெரும்பாலும் ஏறுவதில்லை. ஒரே சாலையில் ஆலையின் மதிலுக்குள் விளக்கு பளிச்சென்று எரிய, எதிர்ப்புறத் தெருவில் குழல்விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருந்ததற்கு இதுவே காரணம்.

நெய்வேலியில் 1962இல் முதல் அலகு இயங்கியதும் பழுப்பு நிலக்கரி மின்சாரம் சென்னைக்கு வரத் தொடங்கியது. 1970 முதல் எண்ணூர் அனல்மின் நிலையம் சேர்ந்தது; அது 2017 மார்ச் வரை உழைத்தது. சென்னைக்குக் கிழக்கே கடல். வெளியூர்களிலிருந்து வரும் உயர்ந்த கோபுரப் பாதைகள் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும்தான் நகருக்குள் நுழைய முடியும். கொரட்டூரின் 230 கிலோவோல்ட் துணைமின் நிலையமும், ஆவடிக்கு வடக்கே அலமாதியில் பிற்காலத்தில் அமைந்த 400 கிலோவோல்ட் நிலையமும் மேற்கில் அமைந்ததன் பொருத்தம் வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். நகரம் முழுமைக்குமான மின்சாரம் மேற்குப் புறநகரின் தலைக்கு மேலே போகிறது. கோபுரம் நட்ட காலத்தில் அடியில் இருந்தவை வயலும் ஏரிக்கரையும். பிறகு அவை மனைகளாயின. கம்பிக்கு அடியிலேயே மாடி எழுப்பியவர்களும் உண்டு. பாதுகாப்பு இடைவெளி பற்றிய தகராறுகள் அப்போதிருந்து ஓயவில்லை.

வீடுகளின் முறை

எழுபதுகளில் தொடங்கி வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் தனியார் மனைப்பிரிவுகளும் பெருகின. தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்கள், ஆவடி பாதுகாப்புத் துறை ஊழியர்கள், நகரில் வாடகை கட்ட இயலாதவர்கள் எல்லாரும் மேற்கே வந்தனர். மூர் மார்க்கெட் பக்கமிருந்து புறப்படும் புறநகர் மின்தொடர் வண்டி இந்தக் குடியேற்றத்தை எளிதாக்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்பத்தூரில் 2001இல் சுமார் 3 லட்சமாக இருந்தவர்கள் 2011இல் 4.66 லட்சம் ஆயினர். ஆவடியில் 2.3 லட்சம் 3.46 லட்சம் ஆனது.

மனைப்பிரிவு விரிந்த விதமே மின்பாதையின் பலவீனத்தையும் தீர்மானித்தது. முதலில் வீடு கட்டியவர் பிரதான சாலையிலிருந்து இரண்டு கம்பம் போட்டு இணைப்பு வாங்குவார். அடுத்தவர் அதிலிருந்து இன்னும் இரண்டு கம்பம். பத்தாண்டில் ஒரே மின்மாற்றியிலிருந்து புறப்பட்ட தாழ்வழுத்தக் கம்பி கம்பம் கம்பமாக வெகுதூரம் போயிருக்கும். மின்மாற்றிக்குப் பக்கத்து வீட்டில் 230 வோல்ட் இருக்கும். கடைசிக் கம்பத்து வீட்டில் 170, 180 என்று இறங்கியிருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் குழல்விளக்கு எரியாது. கிணற்று மோட்டார் உறுமிவிட்டுச் சுருள் கருகும். அப்பகுதிப் பழைய வீடுகளில் குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டெபிலைசரும், மின்பெட்டிக்குப் பக்கத்தில் ஃபேஸ் மாற்றும் சுவிட்சும் இருந்தது இந்த வரலாற்றின் தடயம். குறைந்த மின்னழுத்தம் உள்ள ஃபேஸிலிருந்து எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் அடுத்த ஃபேஸுக்கு மாற, அந்த ஃபேஸின் பீஸ் போய்விடும் என்பதும் அங்கே அனைவரும் அறிந்தது.

2006க்குப் பின் அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சியும், 2011க்குப் பின் வழங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி. தெருக்கம்பிக்கு அவை கூடுதல் சுமை. உதவியைத் திட்டமிட்ட வேகத்தில் கம்பியைத் தடிப்பாக்கும் வேலையும் நடந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

2008 முதல் 2015 வரை

இந்த ஏழாண்டுகளில் பற்றாக்குறை மீண்டும் உற்பத்தியின் பக்கம் திரும்பியது. மாநிலத்தின் தேவை ஓடிய வேகத்துக்குப் புதிய மின்நிலையங்கள் வரவில்லை. 2008 நவம்பர் முதல் உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 40 விழுக்காடு வெட்டு நடைமுறைக்கு வந்தது. மாலை உச்ச நேரத்தில் கட்டுப்பாடு இன்னும் கடுமையாக இருந்தது. 2012இல் சென்னையில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் சுழற்சி முறையில் மின்வெட்டு. மதுரை, கோவை போன்ற ஊர்களில் அது பத்து மணி நேரத்தையும் தாண்டியது. சென்னைவாசிகள் இதைச் சொல்லிக் குறைபட்டபோது மற்ற மாவட்டத்தார் சிரித்ததில் நியாயம் உண்டு.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அது சிரிக்கும் காலமாக இல்லை. பெரிய வாகன நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு பட்டறைகள், பேசிய நாளில் சரக்கை ஒப்படைத்தாக வேண்டும். பெரிய ஆலை டீசல் ஜெனரேட்டரை ஓட்டிச் சமாளிக்கும். ஆறேழு தொழிலாளர்களுடன் ஜாப் ஒர்க் செய்பவரால் டீசல் மின்சாரத்தின் விலையை அப்படியே உற்பத்தி விலையில் ஏற்ற முடியாது. சூடேற்றும் உலையும் பூச்சுத் தொட்டியும் இடையில் நின்றால் அந்த முறை போட்ட சரக்கே வீணாகும். அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான அய்மா உள்ளிட்ட அமைப்புகள் அரசிடம் தொடர்ந்து முறையிட்டன. 2012 ஏப்ரலில் வந்த கட்டண உயர்வும் அதே காலத்தில் தலையில் விழுந்தது.

இந்நிலை மாறியதற்குப் பல காரணங்கள் ஒருசேர அமைந்தன. எண்ணூருக்கு அருகே வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் படிப்படியாக இயங்கத் தொடங்கியது. வடசென்னையில் இரண்டு 600 மெகாவாட் அலகுகள் வந்தன. கூடங்குளத்தின் முதல் அணு உலை சேர்ந்தது. 2013 டிசம்பர் 31 அன்று இராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒத்திசைவாக இணைந்தது. 2015இல் தொழிற்சாலைகள் மீதான கட்டுப்பாடுகள் நீங்கின.

தெருமுனை மின்மாற்றி

மின்வெட்டு போனபின்தான் வேறொரு குறை வெளிப்பட்டது. கோடை இரவுகளில், மாநிலத்தில் மின்சாரம் போதிய அளவு இருக்கும்போதே, குறிப்பிட்ட தெருக்கள் மட்டும் இருண்டன. இதை ஒரு எளிய கணக்கால் விளக்கலாம்.

ஒரு தெருவில் 100 வீடுகள். விளக்கு, விசிறி, தொலைக்காட்சி என்று ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் 300 வாட் என வைத்துக்கொண்டால் மொத்தம் 30 கிலோவாட். 100 கேவிஏ மின்மாற்றி ஒன்று இதைத் தூக்கத்திலேயே சுமக்கும். இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றரை டன் ஏசி ஒன்று வந்துவிட்டது என்று கொள்வோம். அது 1.5 கிலோவாட் எடுக்கும். பாதி வீடுகள் மட்டும் இரவு பதினொன்றுக்கு அதை ஓட்டினாலும் 75 கிலோவாட் கூடுகிறது. பழைய 30உடன் சேர்ந்து 105 கிலோவாட். மின்மாற்றி திணறுகிறது. பகலில் சற்று ஆறிக்கொள்ளும் எண்ணெய், புழுக்கமான இரவில் ஆறுவதும் இல்லை. நள்ளிரவில் பீஸ் போகிறது.

கம்பியின் நிலை இன்னும் மோசம். கடத்தியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது பள்ளிப் பாடம். மின்னோட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. அதே கம்பி, அதே தூரம், இரண்டு மடங்கு சுமை என்றால் கடைசி வீட்டில் மின்னழுத்தம் சரியும். தீர்வும் இதே விதிக்குள் இருக்கிறது. அதே திறனை 11 கிலோவோல்ட்டுக்குப் பதில் 33 கிலோவோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் மூன்றில் ஒன்றாகும். இழப்பு ஒன்பதில் ஒன்றாகும். ஆகவே வலுப்படுத்துதல் என்று மின்பொறியாளர்கள் சொல்வதன் சாரம், உயர்ந்த மின்னழுத்தத்தை வீட்டுக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவந்து, தாழ்வழுத்தக் கம்பியின் நீளத்தைக் குறைப்பதுதான். இதற்காக 33 கிலோவோல்ட்டை 11ஆகக் குறைக்கும் புதிய துணைமின் நிலையங்கள், 100 கேவிஏ இருந்த இடத்தில் 250 அல்லது 500 கேவிஏ மின்மாற்றிகள், நீண்ட பாதையை நடுவில் பிரித்துப் போடும் கூடுதல் மின்மாற்றிகள் என மேற்குப் புறநகரில் வேலைகள் நடந்துவருகின்றன. மின்வாரியம் 2010 நவம்பரில் பகிர்மானத்துக்கும் செலுத்துகைக்கும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தது. 2024இல் பகிர்மானப் பிரிவு மறுபடியும் மாற்றியமைக்கப்பட்டது. மக்கள் வாயில் எல்லாமே இன்னும் ஈ.பி.தான்.

இடமின்மை

பணத்தைவிட இடம் பெரிய தடை. முன்பு புறநகரில் ஒரு துணைமின் நிலையத்துக்கு ஏக்கர் கணக்கில் புறம்போக்கு கிடைத்தது. இன்று அப்படிப்பட்ட நிலம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஏரிக்கரைகளில். அங்கே கட்டக்கூடாது என்பதற்கு 2015 வெள்ளம் போதிய சான்று. வாயுக்காப்புத் துணைமின் நிலையம் என்ற வகையில் சுவிட்சுகளும் கடத்திகளும் வாயு நிரப்பிய குழல்களுக்குள் அடங்கிவிடுவதால், திறந்தவெளி நிலையத்துக்குத் தேவைப்படும் நிலத்தில் ஒரு சிறு பங்கு போதும். செலவு அதிகம் என்றாலும் நகருக்குள் அதுவே வழியாகிவருகிறது. மின்மாற்றிக்கான இடமோ இன்னும் சிக்கல். தெருவில் எல்லாருக்கும் அது வேண்டும், தன் வாசலுக்கு எதிரே மட்டும் வேண்டாம்.

புதிய சுமைகளும் வரிசையில் நிற்கின்றன. கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி மெட்ரோ வழித்தடத்தின் பணிமனை பூந்தமல்லியில் அமைந்துள்ளது. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. அம்பத்தூரில் பழைய ஆலைகள் நின்ற வட்டாரத்தில் என்.டி.டி., எஸ்.டி.டி. போன்ற நிறுவனங்களின் தரவு மையங்கள் எழுந்துள்ளன. ஆலை இரவில் ஓய்வெடுக்கும், ஞாயிறு விடுமுறை விடும். தரவு மையம் ஒரு நொடியும் ஓயாது. கணினிக்கு ஒரு பங்கு மின்சாரம் என்றால் அதைக் குளிர்விக்க வேறொரு பங்கு வேண்டும்.

இதே நெருக்கடி இலண்டனின் மேற்குப் பகுதியில் வந்துவிட்டது. ஹில்லிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோ வட்டாரங்களில் தரவு மையங்கள் மின்திறனை முன்பதிவு செய்துகொண்டதால், புதிய வீட்டுத் திட்டங்கள் இணைப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடலாம் என்று 2022இல் அந்நகர நிர்வாகம் கட்டுமானத்தாரை எச்சரித்தது. அங்கும் அது நகரின் மேற்கு; அங்கும் பழைய தொழிற்பகுதி. அம்பத்தூரில் இந்நிலை வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஒரு வட்டாரத்தின் துணைமின் நிலையத் திறனில் வீடுகளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே ஒதுக்கி வைப்பது பற்றி இங்கே பேச்சுகூடத் தொடங்கவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

கம்பியா, புதைவடமா

சென்னையின் பழைய மாநகரப் பகுதிகளில் மின்சாரம் பெரும்பாலும் புதைவடத்தில் போகிறது. புறநகரில் தலைக்கு மேலே. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரைகடந்தபோது இந்த வேறுபாடு எல்லார் கண்ணிலும் பட்டது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து லைன்மேன்கள் வரவழைக்கப்பட்டு, மரங்களை அறுத்து, குழிதோண்டி, கம்பம் நட்டு, தெருத்தெருவாக இணைப்பு கொடுத்தனர். நகரின் மையத்தில் மின்சாரம் திரும்பிப் பல நாள் ஆனபின்னும் புறநகரின் உட்தெருக்கள் இருளில் கிடந்தன. பழகாத ஊரில், எந்தப் பாதை எங்கே இணைகிறது என்று தெரியாமல், ஈரக் கம்பத்தில் ஏறிய அந்த மனிதர்களின் உழைப்பு எந்த வரலாற்றிலும் ஓரிரு வரிகளுக்கு மேல் பெறுவதில்லை. இங்கும் அப்படித்தான் ஆகிறது.

அதன்பின் புதைவடம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே நீரில் மூழ்கியபோது மறுபக்கம் தெரிந்தது. புதைவடத்தைத் தெருவில் பிரித்துக்கொடுக்கும் பில்லர் பாக்ஸ் தரையோடு நிற்கிறது. தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அதுதான். உயிராபத்து கருதி மின்சாரத்தை நிறுத்தியே ஆக வேண்டும். ஏரிகள் ஒன்றுக்கொன்று வடியும் இந்த நிலப்பரப்பில் பில்லர் பாக்ஸைப் பீடத்தின் மேல் உயர்த்தி வைக்காமல் வடத்தை மட்டும் புதைப்பது பாதி வேலை.

பெரிய பாதைகளின் பலவீனத்தை 2024 செப்டம்பர் 12 இரவு காட்டியது. மணலி துணைமின் நிலையத்தில் ஏற்பட்ட தீயும், அலமாதியிலிருந்து அங்கு வரும் பாதைகள் துண்டிக்கப்பட்டதும் சேர்ந்து சென்னையின் பெரும்பகுதியை இருட்டாக்கின. மாற்றுப் பாதைகள் வழியாக அன்றிரவே படிப்படியாக மின்சாரம் திரும்பியது. ஓரிடத்தில் பழுது வந்தால் வேறு வழியில் ஊட்டும்படி நகரைச் சுற்றி வளையமாகப் பாதை அமைப்பதன் பயன் இத்தகைய இரவில்தான் தெரியும். தெருவளவில் இதே வேலையைச் செய்வது வளையச் சுற்றுப்பெட்டி. புறநகரின் உட்பகுதிகளில் அது இன்னும் பரவலாகவில்லை.

இப்பகுதியின் வளர்ச்சியை ஆராய விரும்புவோருக்கு எளிதில் கிடைக்கும் ஆவணம் ஒன்று உண்டு. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும் இடங்களை நாளிதழ்கள் அறிவிப்பாக வெளியிடுகின்றன. துணைமின் நிலையத்தின் பெயர் மேலே இருக்கும். அதன்கீழ் அது ஊட்டும் நகர்கள், காலனிகள், குறுக்குத் தெருக்கள். ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ உரிய அறிவிப்புகளைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துவைத்துப் பார்த்தால், ஒவ்வொரு பெயரின் கீழும் பட்டியல் நீண்டுகொண்டே போவதும், புதிய துணைமின் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியதும் பாதித் தெருக்கள் அதன் பெயருக்குக் கீழே இடம்மாறிவிடுவதும் தெரியும்.